நாள் குறிப்பது யார்?

பாண்டி பஜாரில் போகிற யாரையாவது நிறுத்தி "டியூ எப்போ?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் கடனையோ நகைச் சீட்டையோ நினைத்துக்கொண்டுதான் பதில் சொல்வார்கள். மாதா மாதம் கட்டவேண்டிய தவணைக்கு நம் ஊரில் பெயர் டியூ. தவறினால் வட்டி. தொடர்ந்து தவறினால் வீட்டு வாசலில் ஆள். அதே சொல்லைத்தான் நிறைவயிற்றோடு நிற்கிறவளிடமும் கேட்கிறோம். "டியூ எப்போம்மா?" அவளும் சளைக்காமல் ஒரு தேதி சொல்கிறாள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு மாமி, அலுவலக மேலாளர், தினமும் ஏற்றிச் செல்லும் ஆட்டோக்கார அண்ணன் எல்லோருக்கும் அந்தத் தேதி தெரியும். அது எப்படி வந்தது என்பது மட்டும் அவளுக்கே தெரியாது.

மருத்துவமனைக் கோப்பில் அதற்கு ஈ.டி.டி. என்று மூன்றெழுத்து. முதல் எழுத்துக்குப் பொருள் 'உத்தேசம்'. கோப்பிலிருந்து வாய்க்கு வரும் வழியில் முதலில் காணாமல் போவதும் அந்த எழுத்துதான். உத்தேசத் தேதியன்றே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கோ ஐந்தோ. மற்றவை முன்னேயோ பின்னேயோ தமக்கு வசதிப்பட்ட நாளில் வருகின்றன. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் நிறையும் வரை ஐந்து வார அகலம் உள்ள வாசல் அது. அந்த வாசலை ஒற்றை நாளாகச் சுருக்கி, அந்த நாளைச் சுற்றி ஒரு பெண்ணின் உடம்பையும் வேலையையும் கட்டிப்போடுகிறோம். யாருடைய வசதிக்காக என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கணக்கு கடினமானதல்ல. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளோடு ஏழு நாளைக் கூட்டுங்கள். பிறகு மூன்று மாதம் பின்னால் போங்கள். ஜூன் 10 என்றால் ஜூன் 17. மூன்று மாதம் பின்னால் போனால் மார்ச் 17. அடுத்த ஆண்டு மார்ச் 17தான் உத்தேச நாள். இதற்கு நேகலே விதி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் பிரசவ மருத்துவம் கற்பித்த ஃபிரான்ஸ் கார்ல் நேகலேயின் பெயரால் அழைக்கப்படுகிறது. அவரோ தனக்கு முன்பு லைடனில் இருந்த ஹெர்மன் பூர்ஹாவே சொன்னதை எடுத்துச் சொன்னவர். இருநூறு ஆண்டுகளாக உலகத்துப் பெண்களின் கோப்புகளில் ஓடிக்கொண்டிருப்பது இந்த இரண்டு ஆண்களின் விரல்விட்டு எண்ணும் கணக்குதான். அதற்குள் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்: 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வரும், 14ஆம் நாள் முட்டை வெளியேறும் பெண். அவளை நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? நான் வகுப்பெடுக்கும் அறையில் அவளைப் போல் சிலர் இருக்கலாம். 35 நாளுக்கு ஒருமுறை வருகிறவர்கள், இரண்டு மாதம் வராமல் மூன்றாம் மாதம் பெருகுகிறவர்கள், பி.சி.ஓ.டி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைவிட அதிகம் இருப்பார்கள். 35 நாள் சுழற்சி உள்ளவளுக்கு மார்ச் 17 இல்லை, மார்ச் 24. இந்த ஒரு வாரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள, கணினியில் தேதி தட்டுகிறவருக்கு நேரம் இருப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தக் கணக்கு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குவதால், முதல் இரண்டு வாரம் அவள் கர்ப்பமாகவே இல்லை. நாள் தள்ளிப்போய்ச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு பார்க்கும்போது கோப்பு அவளுக்கு நான்கு வாரம் ஆகிவிட்டது என்கிறது. சட்டம் என்று வரும்போது இந்த இரண்டு வாரம் எவ்வளவு பெரியதாகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

'பத்து மாதம் சுமந்தேன்' என்று நம் பாட்டிகள் சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஒன்பது மாதம்தானே, பாட்டிக்குக் கணக்குத் தெரியவில்லை என்று. 280 நாளை 28ஆல் வகுத்துப் பாருங்கள். பத்து. பாட்டி எண்ணியது சுவரில் தொங்கும் நாட்காட்டியின் மாதத்தை அல்ல, தன் உடம்பின் மாதத்தை. நேகலேயின் கணக்கும் பாட்டியின் கணக்கும் ஒன்றுதான். ஒன்று விதி என்று பாடநூலில் ஏறியது, மற்றது வெறும் பேச்சு என்று அடுக்களையில் தங்கியது.

தமிழ் வாத்தியார் என்பதால் சொல்லை விட்டு நகர மனம் வருவதில்லை. 'முழுகாமல் இருக்கிறாள்' என்று ஒரு வழக்கு நம்மிடம் உண்டு. மாதவிடாய் முடிந்து தலை முழுக வேண்டிய நாள் வந்தும் முழுகவில்லை. ஆகவே சூல் கொண்டிருக்கிறாள். கருப்பையின் செய்தியை, நடக்காமல் போன ஒரு குளியலால் சொல்லும் சொல். மருத்துவம் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுகிறது என்றால், அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மொழி அங்கிருந்துதான் எண்ணிக்கொண்டிருந்தது. 'நாள் தள்ளியிருக்கு', 'மாசமா இருக்கா' எல்லாமே நாள்கணக்குச் சொற்கள்தாம்.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு மரபின் பெருமையில் கண் கலங்க எனக்கு விருப்பமில்லை. முழுகிய நாளும் முழுகாத நாளும் வீட்டுக்கு எப்படித் தெரிந்தது? மயிலாப்பூரின் மாடவீதி வீடுகளில் மூன்று நாள் பின்கட்டில் தனித் தட்டு, தனிப் பாய் என்று உட்கார வைத்தார்கள். அதனால் தெரிந்தது. ஊரின் மற்ற தெருக்களிலும் வேறு வேறு பெயரில் அதே ஏற்பாடு இருந்தது. அவள் உடம்பின் நாட்காட்டி மாமியாரின் கையில் இருந்தது. இந்த மாதம் அவள் பின்கட்டுக்குப் போகவில்லை என்பதை அவளுக்கு முன்னால் மாமியார் கவனித்தார். தீட்டு என்பது விலக்கி வைப்பது மட்டுமல்ல, கண்காணிப்பதும்தான். இன்று பின்கட்டு இல்லை, அடுக்குமாடியில் அதற்கு இடமும் இல்லை. கைப்பேசியில் செயலி வந்துவிட்டது. 'ஃப்ளோ' என்ற மாதவிடாய்ச் செயலி பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது என்று அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021இல் அந்த நிறுவனத்தை உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. நாள் தள்ளியதை மாமியாருக்கு முன்னால் விளம்பரக் கம்பெனி தெரிந்துகொள்ளும் காலம் இது. பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்த பெண்கள் நம்மைவிடப் பத்திரமாக இருந்தார்கள்.

நான் ஸ்கேனுக்கு எதிரியல்ல. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இயற்கைப் பிரசவம் என்று வீட்டுக்குள்ளேயே பெண்ணைச் சாகவிடும் வியாபாரிகளின் பக்கம் நான் ஒருபோதும் நிற்க மாட்டேன். 2018-20 கணக்குப்படி ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. அந்த வித்தியாசம் மருத்துவமனைப் படுக்கைகளாலும் செவிலியர்களின் உழைப்பாலும் வந்தது. திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று இன்றும் மக்கள் சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைத் தொடங்கப் பாடுபட்ட மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்ட முடியாமல் பெண்கள் செத்ததைக் கண்டுதான் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1885இல் அந்த மருத்துவமனை வந்தது. அந்தக் கட்டிடத்துக்கு எதிராக ஒரு வார்த்தை பேச மாட்டேன். என் சண்டை மருத்துவத்தோடு அல்ல. மருத்துவம் சொல்வதைப் பெண்ணிடம் மட்டும் சொல்லாமல் விடும் பழக்கத்தோடு.

உதாரணமாக, முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் தலையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து வாரத்தைக் கணிக்கிறார்கள். ஐந்து முதல் ஏழு நாளுக்குள் சரியாக இருக்கும். நம்மிடம் இருப்பதிலேயே துல்லியமான அளவு அதுதான். மாதவிடாய் ஒழுங்கற்றவர்களுக்கு அது வரம். வாரம் ஏற ஏற, குழந்தைகள் தத்தம் போக்கில் வளரத் தொடங்கிவிடும். உயரமான அப்பாவின் பிள்ளை ஒரு மாதிரி, சத்துக் குறைந்த தாயின் பிள்ளை ஒரு மாதிரி. 28 வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக எடுக்கும் ஸ்கேனில் மூன்று வாரம் வரை முன்பின் ஆகலாம். அதனால் முதல் ஸ்கேனில் உறுதி செய்த தேதியைப் பிந்தைய ஸ்கேனை வைத்து மாற்றக் கூடாது என்பது மருத்துவத்தின் விதி. ஆனால் ஒவ்வொரு ஸ்கேன் தாளிலும் இயந்திரம் ஒரு புதிய தேதியை அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. அதை வாங்கிக்கொண்டு வரும் பெண், "தேதி பத்து நாள் தள்ளிப்போச்சு, குழந்தை வளரலையா?" என்று இரவெல்லாம் விழித்திருக்கிறாள். அல்லது பத்து நாள் முன்னால் வந்துவிட்டது என்று வீடு பையைக் கட்டத் தொடங்குகிறது. நான் கர்ப்பமாக இருந்தபோது என் கோப்பில் மூன்று தேதிகள் இருந்தன. எது என் தேதி என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா" என்று பதில் வந்தது. முனைவர் பட்டம் வாங்கியவளுக்கே இந்தப் பதில் என்றால் கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் நிற்பவளுக்கு என்ன பதில் வரும்?

அந்த இயந்திரம் யாருடைய வயிற்றை அளந்து கணக்குக் கற்றது என்பது அடுத்த கேள்வி. நெடுங்காலமாக இங்கே பயன்படும் சூத்திரங்கள் மேற்கத்தியப் பெண்களின் ஸ்கேன் அளவுகளிலிருந்து உருவானவை. அடையாறிலிருந்து மத்திய கைலாஷ் திருப்பத்தைத் தாண்டினால் வரும் ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்களும் ஃபரிதாபாத்தின் டி.எச்.எஸ்.டி.ஐ. நிறுவனமும் சேர்ந்து, இந்தியப் பெண்களின் தரவை வைத்து 'கர்ப்பிணி-ஜி.ஏ.2' என்ற கணிப்பு முறையை உருவாக்கியிருப்பதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். இரண்டாம், மூன்றாம் பருவங்களில் குழந்தையின் வயதைக் கணிப்பதற்கானது அது. காரணம் எளிது: முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுக்க வழியில்லாத பெண்கள் இந்த நாட்டில் ஏராளம். தரவு வந்தது குருகிராமின் அரசு மருத்துவமனைக்கு வந்த பெண்களிடமிருந்து. அவர்களுக்கு நன்றி சொல்லாமல் இந்தப் பத்தியை முடிக்க முடியாது. நல்ல வேலை. ஆனால் இந்தியா சுதந்திரம் பெற்று முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகுதான் இந்தியக் கருப்பைக்கு ஓர் அளவுகோல் வருகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி பஞ்சாங்கத்துக்கு வருவோம். மருத்துவக் கணக்கைப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்ட இடத்தில் ஜோசியர் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு டியூ டேட் கணக்கு என்பதை யோசித்திருக்க மாட்டோம். ஆடி ஒன்று, ஜூலை 17 வாக்கில். கருத்தரித்த நாளிலிருந்து எண்ணினால் பிரசவத்துக்கு 266 நாள். கூட்டிப் பாருங்கள்: ஏப்ரல் 9. ஆடி கடைசி நாளுக்கு மே 9. ஏறக்குறைய முழுச் சித்திரை. கொளுத்தும் வெயிலில் பிரசவமும் பச்சைக் குழந்தையும் கஷ்டம் என்று ஒரு நியாயம் சொல்வார்கள். இருக்கட்டும், மின்விசிறி இல்லாத காலத்தில் அது நியாயம்தான். ஆனால் வாய்ச்சொல்லில் நிலைத்தது வெயில் அல்ல. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்பதுதான். அதோடு நட்சத்திரங்கள். பெண் குழந்தை மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்தில் பிறந்தால் மாமியாருக்கு ஆகாது, கேட்டையில் பிறந்தால் மூத்தாருக்கு ஆகாது. இன்னும் பிறக்காத ஒருத்தியின் மேல் இருபத்தைந்து வருடம் கழித்து வரப்போகும் மாமனாரின் ஆயுளைச் சுமத்தும் ஊர் இது.

இந்தப் பயத்துக்கு இன்று சிசேரியன் கத்தி கிடைத்திருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இன்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். இந்திய சராசரி 21.5. இவற்றில் எத்தனை தாய்க்கோ பிள்ளைக்கோ உண்மையில் தேவைப்பட்டவை என்ற விவாதத்தை இன்னொரு கட்டுரைக்கு விடுகிறேன். எனக்கு இங்கே கவலை, நேரம் குறித்து எடுக்கும் சிசேரியன். பங்குனி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள் என்று கேட்டு வரும் குடும்பங்கள் உண்டு. ரோகிணி நட்சத்திரம், காலை ஏழரைக்குள், இராகுகாலம் வேண்டாம் என்று சீட்டில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். மருத்துவர் சிலர் மறுக்கிறார்கள். சிலர் அறுவை அரங்கின் நேரத்தைப் பார்த்துச் சரி என்கிறார்கள்.

இதில் என்ன கெட்டுவிட்டது, எப்படியும் அறுவைதானே என்று கேட்கலாம். 37 வாரம் ஆகிவிட்டால் முதிர்ந்த பிள்ளை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி இதைத் திருத்தி, 37, 38 வாரங்களை 'முன்முதிர்வு' என்றும், 39 முதல் 40 வாரம் 6 நாள் வரையே 'முழுமுதிர்வு' என்றும் பிரித்தது. தேவையில்லாமல் 39க்கு முன் எடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் கூடுதலாக வந்ததுதான் காரணம். இப்போது கணக்கை ஒன்று சேருங்கள். முதல் ஸ்கேன் தாமதமாக எடுத்ததால் தேதியில் இரண்டு வாரம் பிழை. நல்ல நட்சத்திரத்துக்காக 38ஆம் வாரத்தில் அறுவை. கோப்பில் 38, வயிற்றில் 36. குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது. தையலோடு எழ முடியாத தாய் வேறு மாடியில் கிடக்கிறாள். ஜாதகம் மட்டும் நன்றாக அமைந்திருக்கிறது. மாமியாரும் ஜோசியரும் மருத்துவரும் சேர்ந்து குறித்த இந்த நாளில், அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

அதே ஆடி மாதம், தி.நகர். தள்ளுபடிக் கூட்டத்தில் உஸ்மான் சாலையும் ரங்கநாதன் தெருவும் மூச்சு முட்டும். தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் சேலை விரித்துப் போட்டபடி நாள் முழுக்க நிற்கிறார்கள். புதுப்பெண்ணை வெயிலிலிருந்து காப்பாற்றும் பண்பாடு இவர்களுக்கு ஒரு முக்காலியைக் கூடத் தரவில்லை. அதற்கு 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்குத் தனியாக ஒரு மசோதா வரவேண்டியிருந்தது: கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம், ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை. உட்காருவதற்குச் சட்டம்! கேரளம் முன்பே செய்தது, அடுத்து நாம். சட்டம் வந்த பிறகும், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார் என்று ஒரு பெண் என்னிடம் சொன்னார். வயிறு தெரிய ஆரம்பித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஊருக்குப் போயிடுவோம் மேடம்" என்றார். அவ்வளவு இயல்பாக.

1961இன் மகப்பேறு பயன் சட்டம் என்ன சொன்னது? பிரசவ உத்தேசத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், ஊதியத்தோடு விடுப்பு. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம். 2020இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்த 80 நாள் கணக்கையே வைத்திருக்கிறது. அந்தத் தேதியின் முழு மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் அவளுடைய உரிமை பிறக்கிறது. நட்சத்திரத்துக்காக அந்தத் தேதியைத் தெரிந்துகொள்ளும் நாம், சம்பளத்துக்காக அதை எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை. ஐந்தாம் மாதத்தில் ஊருக்குப் போன அந்தப் பெண், தனக்குச் சேரவேண்டிய 26 வாரச் சம்பளத்தைக் கடை வாசலில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறுகிறாள். டியூ பாக்கி வைத்திருப்பது அவளா, கடையா?

முதல் மூன்று மாதம் வெளியே சொல்லக் கூடாது என்பார்கள். கண்பட்டுவிடுமாம். இதில் எனக்குக் கோபம் அதிகம். உறுதியான கருக்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை தானாகவே கலைகின்றன. பெரும்பாலும் அந்த முதல் மூன்று மாதத்துக்குள். குரோமோசோம் கோளாறுதான் பெரிய காரணம், பப்பாளியும் மாடிப்படியும் அல்ல. யாருக்கும் சொல்லாத கரு கலைந்தால் துக்கத்தையும் யாருக்கும் சொல்ல முடியாது. மறுநாள் காலை டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு மின்சார ரயில் ஏறுகிறாள். கருச்சிதைவுக்கு ஆறு வாரம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு என்று அதே 1961 சட்டமே சொன்னது. எத்தனை பேருக்குத் தெரியும்? ரகசியமாக இருந்ததற்கு விடுப்பு கேட்பது எப்படி? ஏழாம் மாதம் வளையல் அடுக்கிச் சந்தனம் பூசும் கைகள் இரண்டாம் மாதத்தில் எங்கே இருந்தன?

கடைசிக் கட்டத்துக்கும் பெயர் இல்லாமல் போய்விட்டது. மூன்று பருவம் என்று மருத்துவம் பிரிக்கிறது: 13 வாரம் 6 நாள் வரை ஒன்று, 27 வாரம் 6 நாள் வரை இரண்டு, பிறகு பிரசவம் வரை மூன்று. பிள்ளை வெளியே வந்ததும் கணக்கு முடிந்தது, எல்லோரும் தொட்டிலைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். தொல்காப்பிய உரியியல் 'புனிறு' என்று ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுகிறது: ஈன்று அதிக நாள் ஆகாத நிலை. சூல் கொண்டவளின் வேட்கைக்கு 'வயா' என்றும் அங்கே சொல் உண்டு. மசக்கை மாங்காயாகச் சினிமாவில் பிழைத்துக்கொண்டது. புனிறு அகராதிக்குள் போய்விட்டது. உலகச் சுகாதார நிறுவனம் பிரசவத்துக்குப் பின் 42 நாள் வரை நிகழும் சாவையும் தாய்மைச் சாவாகத்தான் எண்ணுகிறது. அந்த 42 நாளுக்கு நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சொல் ஒன்று இருந்தும், தீட்டு கழிக்கும் நாளை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

புனிற்றுக் காலத்துப் பெண்ணின் வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 அக்டோபர். இரண்டு குழந்தைகளின் தாய், 27 வயது. இரண்டாம் பிரசவத்துக்குப் பிறகு மனநலச் சிகிச்சையில் இருந்தவர். பாலூட்டிக்கொண்டிருந்ததால் மாதவிடாய் வரவில்லை. வராததால் மீண்டும் கரு தங்கியது தெரியவில்லை. தெரிந்தபோது நாட்கள் ஓடிவிட்டிருந்தன. முதலில் இரண்டு நீதிபதிகள் அனுமதித்தார்கள்; பிறகு அந்த அமர்வே இரண்டாகப் பிரிந்தது; அக்டோபர் 16 அன்று மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். அன்று 26 வாரம் 5 நாள். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின் எல்லை, குறிப்பிட்ட சில பிரிவினருக்கே, 24 வாரம்.

நாள் தள்ளியது என்று சொல்ல நாளே வராதவளின் மேல் நேகலேயின் கணக்கைப் போட்டுப் பார்க்கும் சட்டத்தின் முகம் இது. 24 வாரம் என்று எண்ணும்போது அவள் கர்ப்பமாகவே இல்லாத இரண்டு வாரமும் அதில் அடக்கம். அமெரிக்காவின் டெக்சாஸில் 2021இல் கொண்டுவந்த 'ஆறு வார' தடைச் சட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் என்றால் நாள் தள்ளி இரண்டே வாரம். மசக்கை தொடங்குவதற்குள் கதவு அடைபடுகிறது.

இதைவிடக் கூத்து ஒன்று உண்டு. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம், கருவைக் கலைத்தால் மூன்று ஆண்டு, வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கிய பிறகு கலைத்தால் ஏழு ஆண்டு என்று பிரித்தது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். காலனியச் சட்டத்தைத் தூக்கி எறிந்தோம் என்று சொல்லி 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். அதே மூன்று, அதே ஏழு, அதே அசைவு. பதினெட்டு, இருபதாம் வாரத்தில் தன் வயிற்றுக்குள் முதன்முதலாக ஒரு மீன் புரள்வதுபோல் உணர்பவள் அவள் ஒருத்திதான். வேறு யாருக்கும் அது தெரியாது. ஸ்கேன் அறையில், நீதிமன்றத்தில், அலுவலகத்தில் எங்குமே நம்பாத அவள் உணர்வை, அவளைத் தண்டிக்க மட்டும் சட்டம் அளவுகோலாக வைத்திருக்கிறது.

மாணவிகள் என்னிடம் இரகசியமாகக் கேட்பது வேறு வகைக் கேள்விகள். கல்யாணம் ஆகாதவர் கலைக்கலாமா, வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டுமா? 18 வயது நிறைந்தவர் என்றால் அவருடைய ஒப்புதல் மட்டும் போதும். 1971இலிருந்தே சட்டம் அதுதான். கணவன் கையெழுத்து கேட்பது மருத்துவமனைகளின் பழக்கம், சட்டம் அல்ல. 20 முதல் 24 வாரம் வரையிலான அனுமதி கல்யாணம் ஆகாதவருக்கும் உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கேட்டதும் அந்தப் பெண்களின் தோள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொல்லித்தர ஒரு தமிழாசிரியை தேவைப்பட்டிருக்கக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்பிலேயே இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. 'நீங்களே படிச்சுக்கோங்க' என்று பக்கம் புரட்டப்படும் பாடம்.

அரசின் உதவியும் வாரக் கணக்கில்தான் வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் தவணைத் தவணையாகப் பணமும். முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும். சீக்கிரம் வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் மாதவிடாய் ஒழுங்கற்றவளும் பாலூட்டுகிறவளும் பதிமூன்றாம் வாரத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். பதிவு செய்யும் செவிலியரிடம் இதைச் சொல்லுங்கள், ஸ்கேன் தாளைக் காட்டுங்கள். சொன்னால் எழுதிக்கொள்ளும் செவிலியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆகவே, ஒரு நோட்டு வாங்குங்கள். செயலி வேண்டாம், நாற்பது பக்க நோட்டு போதும். மாதவிடாய் தொடங்கிய நாளை எழுதுங்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதையும். இது கர்ப்பமாக விரும்புகிறவர்களுக்கு மட்டுமல்ல, விரும்பாதவர்களுக்கு இன்னும் அவசியம். நாள் தள்ளினால் காத்திருக்காதீர்கள், உடனே சோதித்துப் பாருங்கள். முதல் ஸ்கேனை 13 வாரத்துக்குள் எடுங்கள். மருத்துவரிடம் கேளுங்கள்: எந்தக் கணக்கில் இந்தத் தேதி வந்தது? எத்தனை நாள் முன்பின் ஆகலாம்? அறுவைக்கு நாள் சொன்னால், அன்று எத்தனை வாரம் எத்தனை நாள்? 39க்கு முன் என்றால், மருத்துவக் காரணம் என்ன? தேதி தாண்டினால் எத்தனை நாள் வரை காத்திருக்கலாம்? (41 வாரம் நிறைந்தால் வலி வரவழைப்பதை உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது, அப்போது பிடிவாதம் பிடிக்காதீர்கள்.) வீட்டில் யாராவது பஞ்சாங்கத்தை விரித்தால் நோட்டை விரியுங்கள். எட்டாம் மாதம் ஸ்கேன் அறையிலிருந்து புதுத் தேதி அச்சடித்த தாள் வரும். அதை முதல் ஸ்கேன் தாளோடு சேர்த்துப் பின் அடித்து, முதல் தாள் மேலே இருக்கும்படி கோப்பில் வையுங்கள்.